இருமினால் சிறுநீர் கசிகிறது: ஆபரேஷனில் உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது, மூன்று சுகப்பிரசவம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறார். நாலைந்து வருஷமாக இருமினாலும் தும்மினாலும், மீன் கூடையைத் தலைக்குத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்து துணி நனைந்துவிடுகிறது. போன மாதம் பார்த்த டாக்டர், "டேப் வெச்சா சரியாயிடும்" என்றாராம். மகளுக்கு மூன்று சந்தேகம். சிறுநீர்ப்பையை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்களா? அப்படிக் கட்டினால் பிறகு ஒண்ணுக்குப் போகவே முடியாமல் ஆகிவிடுமா? "அதோட கர்ப்பப்பையையும் எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே, அது சரியா?

நான் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் நல மருத்துவம் பார்க்கிறேன். உங்களுடைய மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இருமும்போது சிறுநீர் வெளியேறும் குழாய் அழுந்தி மூடிக்கொள்ள வேண்டும். அழுந்துவதற்கு அடியில் ஒரு தாங்கல் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தாங்கல் தளர்ந்துபோயிருக்கிறது. குழாயின் அடியில் ஒரு சின்ன வலைப் பட்டையை வைக்கிற டேப் ஆபரேஷன் அதைத் திரும்பக் கொடுக்கிறது. இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால், யாருக்கு இந்த ஆபரேஷன் பலிக்கும், யாருக்குப் பலிக்காது, எந்த ஆபரேஷன் வேண்டாத வேலை என்பதெல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று. அம்மா இதை உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காக வருவதில்லை. சர்க்கரைக்கு, வெள்ளைப்படுதலுக்கு என்று வருவார்கள். மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு எழுந்து, கதவில் கை வைத்த பிறகு திரும்பி, "இன்னொண்ணு டாக்டரம்மா..." என்று இழுப்பார்கள். அப்படி ஒருவர் தன் பையைத் திறந்து காட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து எட்டாக மடித்த துணி, ஆறு ஏழு. நனைந்ததைப் போட்டுவைக்க ஒரு பாலிதீன் கவர். நனைந்தால் தெரியக் கூடாதென்று கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறப் புடவை கட்டுவதையே விட்டிருந்தார். விடியற்காலை துறைமுகத்துக்குப் போவதற்காக முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "சின்னவன் பொறந்ததுலேர்ந்து" என்றார். சின்னவனுக்கு அப்போது 19 வயது.

இத்தனை வருஷம் சும்மா இருந்ததற்குக் காரணம், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று மாமியாரும் அம்மாவும் சொன்னதுதான். நிறையப் பேருக்கு வருகிறது என்பது உண்மை. அதற்காக வாழ்நாள் முழுக்கப் பொறுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, உடம்புக்குள் வருவோம். நம் வீடுகளில் குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டுவோமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய், அதாவது சிறுநீர்த்தாரை, மூன்றரை நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அது சிறுநீர்ப்பையின் கழுத்திலிருந்து இறங்கி, பிறப்புறுப்பின் முன்சுவர்மேல் படுத்த மாதிரி வருகிறது. அந்த முன்சுவர்தான் தூளித் துணி. துணியின் இரண்டு ஓரங்களும் இடுப்பின் உட்பக்கத்தில் உள்ள உறுதியான சவ்வுப் பட்டைகளிலும் இடுப்புத்தளத் தசையிலும் பிடித்திருக்கின்றன. குழாய் அந்தத் தூளியில் கிடக்கிற குழந்தை.

இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையைப் பிழியும். அதே அழுத்தம் குழாயையும் மேலிருந்து அமுக்கும். தூளி விறைப்பாக இருந்தால், மேலே அழுத்தம், கீழே துணி, நடுவில் குழாய் தட்டையாகி மூடிக்கொள்ளும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. இதில் அழகான ஒரு ஏற்பாடும் உண்டு. இருமல் வருவதற்கு ஒரு கணம் முன்பே இடுப்புத்தளத் தசை தானாக இறுகி, தூளியை இழுத்துப் பிடித்துத் தயாராக இருக்கும். நாம் நினைத்துச் செய்வதே இல்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி என்கிற மருத்துவர் 1994ல் இதைத் தெளிவாக எழுதினார். தூளி என்கிற பொருள் வருகிற மாதிரியேதான் அந்தக் கருத்துக்குப் பெயரும் வைத்தார். ஹோஸை மிதிப்பதை வைத்து இதை விளக்குவார்கள். நம் தெருவுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து டிரம்முக்கு ஹோஸ் போகிறது. சிமெண்ட் ரோட்டில் கிடக்கிற ஹோஸை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே ஹோஸ் காசிமேட்டு மணலில் கிடந்தால்? எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அது மணலுக்குள் அமுங்குமே தவிர, தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஹோஸ் நல்ல ஹோஸ்தான். மிதிக்கிற காலும் அதே கால்தான். அடியில் தரை இல்லை, அதுதான் கோளாறு.

தரை எப்படி மணலாகிறது? பெரும்பாலும் சுகப்பிரசவத்தில். குழந்தையின் தலை இறங்கி வரும்போது அந்தத் தசையும் சவ்வும் பல மடங்கு இழுபடுகின்றன. சில இடங்களில் பிடிமானம் விட்டுப்போகும், அந்தப் பக்கத்து நரம்பும் அடிபடும். இளவயதில் மீதித் தசை ஈடு கொடுத்துவிடும். மாதவிடாய் நிற்கிற வயதில் திசுக்கள் மெலிகின்றன. அப்போது பழைய கணக்கு வெளியே வருகிறது. அதோடு வருஷக்கணக்கில் குடம் தூக்குவது, ஆறாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் எடை எல்லாமே தூளியை நாள்தோறும் கீழே தள்ளுகிறவை. தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து வருகிற பெண்களில் பலர் வருஷம் முழுக்க இருமிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். இருமலுக்கு வைத்தியம் பார்க்காமல் கசிவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பிரயோஜனம் குறைவு.

இப்போது மிக முக்கியமான இடம். எல்லாக் கசிவும் தாங்கல் போனதால் வருவதில்லை. "ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கு, எழுந்து பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுது, குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டாலே போயிடுது" என்பது வேறு கதை. அங்கே சிறுநீர்ப்பையே நேரங்கெட்ட நேரத்தில் சுருங்குகிறது. அதற்கு மாத்திரையும் பழக்கமாற்றமும்தான் வழி. டேப் வைத்தால் தீராது, சிலருக்கு அதிகமாகக்கூட ஆகும். இரண்டும் கலந்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எது அதிகத் தொல்லை என்று பார்த்து அதை முதலில் கவனிப்போம்.

வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எப்போதும் தேவைப்படாது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது படுக்கவைத்து இருமச் சொல்வோம். இருமுகிற அதே நொடியில் பீச்சென்று வந்து, இருமல் நின்றதும் நின்றுவிட்டால் தாங்கல் பிரச்சினை. இருமி முடித்து இரண்டு மூன்று நொடி கழித்து வர ஆரம்பித்து, நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அது சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவது. இருமல் அதைத் தூண்டிவிட்டிருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமலே ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தால், தயங்காமல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதோடு சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது, இந்த மூன்றும் கட்டாயம். சந்தேகமான கேஸ், ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி மறுபடி கசிகிற கேஸ், இப்படிப்பட்டவர்களுக்கு யூரோடைனமிக்ஸ் என்கிற அழுத்தச் சோதனை வேண்டியிருக்கும்.

அப்புறம் பயிற்சி. ஆபரேஷனைப் பற்றிக் கேட்டால் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். தூளியை இழுத்துப் பிடிப்பது அந்த இடுப்புத்தளத் தசைதானே. காற்றுப் பிரியாமல் அடக்குவது மாதிரி உள்ளே இழுத்து இறுக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். கூடையைத் தூக்குவதற்கு முன் அதே தசையை இறுக்கிக்கொண்டு தூக்கப் பழகினால் அன்றைக்கே கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நெதர்லாந்தில் 2013ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 460 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் பயிற்சி செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். மிதமான, கடுமையான கசிவுக்கு ஆபரேஷனின் பலன் அதிகம் என்று அந்த ஆய்வே சொன்னது. ஆனால் இன்னொரு பாதிப் பேர் கத்தி படாமலே சமாளித்தார்கள் என்பதையும் பாருங்கள். அம்மாவுக்கு யாராவது உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தார்களா? ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பியது சொல்லிக்கொடுத்ததாகாது.

இனி ஆபரேஷன்.

"தூக்கிக் கட்டுவது" என்று உங்கள் வீட்டில் சொல்வது வெறும் கற்பனை இல்லை. ஒரு காலத்தில் அதுதான் செய்தார்கள். 1961ல் அமெரிக்காவின் ஜான் பர்ச் முறைப்படுத்திய ஆபரேஷனில் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக் கழுத்தின் இரண்டு பக்கமும் உள்ள திசுவில் தையல் போட்டு, அதை முன்பக்க இடுப்பெலும்பின் மேலிருக்கும் தடித்த நார்ப்பட்டையோடு கட்டுவார்கள். தொங்கிப்போன தூளியின் ஓரங்களைப் பிடித்து மேலே கட்டுவது போலத்தான். இன்றும் சில இடங்களில், லேப்ராஸ்கோப் வழியாகவும் செய்கிறார்கள். நல்ல ஆபரேஷன்தான். முன்பக்கத்தை மேலே இழுத்துக் கட்டுவதால், சில வருஷம் கழித்துச் சிலருக்குப் பிறப்புறுப்பின் பின்பக்கச் சுவர் இறங்குவது உண்டு.

எண்ணம் மாறியது 1990களில். ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டனும், சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தூக்கவே வேண்டாம் என்றார்கள். குழாயின் நடுப்பகுதியை முன் இடுப்பெலும்போடு பிடித்துவைக்கிற தசைநார் தளர்ந்துபோனதுதான் காரணம். அந்த நடு இடத்தில் ஒரு பட்டையைச் சும்மா போட்டுவைத்தால் போதும் என்பது அவர்கள் வாதம். உல்ம்ஸ்டன் 1996ல் அதை ஆபரேஷனாக வெளியிட்டார். உங்கள் டாக்டர் சொன்ன டேப் அதுதான். பாலிப்ரொப்பிலீன் நூலில் வலை மாதிரிப் பின்னியது, அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் இருக்கும்.

செய்வது இப்படி. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தோ தொடங்குவோம். சிறுநீர்ப்பையில் டியூப் போட்டுக் காலி செய்துவிட்டு, பிறப்புறுப்பின் முன்சுவரில், குழாயின் வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் கீறுவோம். அங்கிருந்து வலது, இடது என இரண்டு பக்கமும் சின்ன வழி எடுப்போம். டேப்பின் முனையில் உள்ள வளைந்த ஊசியை அந்த வழியாக விட்டு, முன் இடுப்பெலும்பின் பின்பக்கத்தை ஒட்டியபடியே மேலே கொண்டுபோய், அடிவயிற்றின் கீழ் ஓரத்தில் இரண்டு பொட்டு மாதிரிக் கீறலில் வெளியே எடுப்போம். இப்போது டேப் குழாயின் அடியில் 'ப' எழுத்து மாதிரி, ஊஞ்சலாட்டம் கிடக்கும். ஊசி சிறுநீர்ப்பையின் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போவதால், உடனே பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ஊசி பையைத் துளைத்துவிடுவது உண்டு. அதைப் பார்த்துவிட்டால் பயமில்லை. ஊசியை உருவி வேறு வழியில் விட்டு, டியூபை ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்தால் ஆறிவிடும். பார்க்காமல் விட்டால்தான் வம்பு.

அடுத்து வருவதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். டேப்பை எவ்வளவு இழுப்பது? இழுக்கவே கூடாது. குழாய்க்கும் டேப்புக்கும் நடுவில் கத்தரிக்கோலை மூடிய நிலையில் நுழைத்து வைப்போம். அந்தக் கத்தரிக்கோல் உள்ளே இருக்கும்போதுதான் டேப்பின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை இரண்டு பக்கமும் உருவுவோம். உருவும்போது டேப் இழுபட்டு இறுகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காவல். கத்தரிக்கோலை எடுத்த பிறகு அங்கே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டிருந்தால், உறையை உருவுவதற்கு முன்பே, "அம்மா, இப்போ நல்லா இருமுங்க" என்போம். சிறுநீர்ப்பையில் தண்ணீர் நிரப்பியிருப்போம். இருமும்போது ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் எனக்குத் திருப்தி. ஒன்றுமே வரவில்லை என்றால், இறுக்கிவிட்டோமோ என்று கொஞ்சம் தளர்த்தி மறுபடி இருமச் சொல்வேன்.

டேப்பை எதனோடும் தைப்பதில்லை. சொரசொரப்பான வலை என்பதால் திசுவில் தானாகப் பிடித்துக்கொள்கிறது. சில வாரத்தில் வலைக் கண்களுக்குள் நம் திசுவே வளர்ந்து அதைக் கட்டிக்கொள்கிறது. அம்மா சும்மா இருக்கும்போது டேப் எதையும் அமுக்காது. அதனால் சிறுநீர் வழக்கம்போல வரும். இருமும்போது சிறுநீர்ப்பைக் கழுத்து கீழே இறங்கும், குழாயின் நடுப்பகுதி டேப்பில் தட்டி நின்று, லேசாக மடங்கி மூடிக்கொள்ளும். அதாவது தேவைப்படுகிற அந்த நொடிக்கு மட்டும் வேலை செய்கிற தரை. மணலில் கிடந்த ஹோஸுக்கு அடியில் ஒரு பலகை வைத்தாகிவிட்டது.

அப்படியானால் ஒண்ணுக்குப் போக முடியாமல் ஆவதே இல்லையா? ஆவது உண்டு, சிலருக்கு. முதல் சில நாள் வீக்கத்தால் சிரமம் இருக்கலாம். அதனால்தான் டியூப் எடுத்த பிறகு சிறுநீர் கழிக்கவைத்து, மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2010ல் 597 பெண்களிடம் இரண்டு வகை டேப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இடுப்பெலும்புக்குப் பின்னால் போகிற வகையில் 2.7 சதவீதம் பேருக்கு இந்தச் சிரமத்துக்காக மறுபடி ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்பட்டது. டேப் இறுகிவிட்டது என்று தெரிந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் அதைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தளர்த்தலாம். நாளாகிவிட்டால் வெட்டிவிடலாம். வெட்டிய பிறகும் பலருக்குக் கசிவு திரும்புவதில்லை, ஏனென்றால் அதற்குள் சொந்தத் திசு அங்கே உறுதியாகிவிட்டிருக்கும்.

இரண்டு வகை என்று சொன்னேன் இல்லையா? இன்னொன்று தொடை இடுக்கு வழியாக வெளியே எடுப்பது. பிரான்சின் டெலோர்ம் 2001ல் சொன்ன முறை. சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் போகாததால் துளை விழுகிற பயம் மிகக் குறைவு. பதிலுக்குத் தொடையில் வலி, மரத்துப்போதல் அதிகம். அதே 2010 ஆய்வில் ஒரு வருஷத்தில் சோதனைப்படி பார்த்த வெற்றி முதல் வகைக்கு 80.8 சதவீதம், இதற்கு 77.7 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. தெருத்தெருவாக நடந்து, அங்கங்கே குந்தி உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கிற பெண்ணுக்குத் தொடை வலி சின்ன விஷயமில்லை. அதனால் உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு நான் முதல் வகையைத்தான் யோசிப்பேன்.

வலை என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வெளிநாட்டில் பெண்கள் பலர் வலையால் தீராத வலியில் தவித்தார்கள், போராடினார்கள். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்த டேப் உட்பட, பிறப்புறுப்பு வழியாக வைக்கிற வலைகள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில், கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற பெரிய வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கான குறுகிய டேப் அந்த உத்தரவில் வரவில்லை. பெரிய வலை உள்ளங்கை அளவு இடத்தை அடைக்கும். டேப் ஒரு நாடா. தொல்லையின் அளவும் அதற்கேற்பத்தான். ஆனாலும் நூற்றில் சிலருக்கு டேப் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரியலாம். விட்டுவிட்டு ரத்தக்கசிவு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உடலுறவில் கணவருக்குக் குத்துகிற உணர்வு, அடிவயிற்றில் அல்லது தொடையில் தீராத வலி, இவை வந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். முழு டேப்பையும் பிறகு எடுப்பது சுலபமில்லை என்பதையும் முன்பே தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். இன்னொரு பக்கம், நார்டிக் நாடுகளில் 1990களில் டேப் வைத்த 90 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 17 வருஷம் கழித்துப் பரிசோதிக்க முடிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இருமல் சோதனையில் கசியவில்லை. இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.

வலையே வேண்டாம் என்றால் சொந்தத் திசு உண்டு. அடிவயிற்றில் கீறி, வயிற்றுத் தசையை மூடியிருக்கிற வெள்ளைச் சவ்விலிருந்து ஒரு பட்டை வெட்டி எடுத்து அதையே தாங்கலாக வைப்பார்கள். 2007ல் வந்த ஆய்வில் இதையும் பர்ச் ஆபரேஷனையும் 655 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் இருமல் கசிவுக்கு மட்டும் பார்த்தால் சவ்வுப் பட்டைக்கு 66 சதவீதம், பர்ச்சுக்கு 49 சதவீதம். ஆனால் சவ்வுப் பட்டை வைத்தவர்களுக்குச் சிறுநீர்க் கிருமித் தொற்றும், கழிக்கிற சிரமமும் கூடுதல். குழாயின் சொந்த வால்வுத் தசையே செத்துப்போனவர்களுக்கு, இருமக்கூட வேண்டாம், எழுந்து நின்றாலே வழிகிறவர்களுக்கு, இது நல்ல வழி. தரை இருந்தும் ஹோஸே விரிந்துபோன கேஸ் அது.

இப்போது கர்ப்பப்பை. தெளிவாகச் சொல்கிறேன்: கசிவுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. தூளியில் கர்ப்பப்பைக்கு வேலையே இல்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் கசிவுக்கென்றே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, "அப்படியே கீழே ரெண்டு தையலும் போட்டிருக்கோம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு பெண் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்தார். கசிவு அப்படியே இருந்தது. அந்த ரெண்டு தையல், நூறு வருஷத்துக்கு முன் ஹோவர்ட் கெல்லி சொன்னது. குழாயின் அடியில் உள்ள தளர்ந்த திசுவையே மடித்துத் தைப்பது. நைந்த துணியை நைந்த இடத்திலேயே தைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பெண் அழுதபோது எனக்கும் பேச்சு வரவில்லை.

கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் மட்டும் கதை வேறு; அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டியிருக்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இறக்கம் அதிகமாக இருக்கும்போது குழாய் மடங்கி, கசிவு மறைந்திருக்கும். இறக்கத்தைச் சரிசெய்ததும் மடிப்பு நிமிர்ந்து, அதுவரை இல்லாத கசிவு புதிதாக வந்த மாதிரி தெரியும். அதனால் இறக்கத்தை விரலால் மேலே தள்ளிவைத்தும் இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். திசு வளர்ந்து டேப்பைப் பிடிக்கும்வரை, ஆறு வாரத்துக்கு, குடம் கூடாது, கூடை கூடாது, முக்கக் கூடாது, உடலுறவு கூடாது. ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் பதினைந்து கிலோ. மூன்றாம் நாளே அடிபம்பில் அடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு யாரும் தூக்குவதில்லை என்பதுதான் காரணம். நீங்களும் உங்கள் அண்ணன் தம்பியும் அந்த ஆறு வாரத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பருவம் பார்த்து, தடைக்காலத்தில் ஆபரேஷன் தேதி வாங்கினால் வருமான இழப்பும் குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாத அந்த இரண்டு மாதம் இதற்குத் தோதான காலம்.

எங்கே போவது? பக்கத்திலேயே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லியிலேயே யூராலஜி பிரிவு உண்டு. எங்கே போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த டேப் ஆபரேஷன் அடிக்கடி செய்கிறீர்களா, பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பீர்களா, அம்மாவுக்கு ஏன் இந்த வகை? டேப் பெட்டியில் உள்ள லேபிளை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து ஏதாவது தொல்லை என்றால், உள்ளே இருப்பது என்ன டேப் என்று அந்தச் சின்னத் தாள்தான் சொல்லும்.

போவதற்கு முன் அம்மாவை மூன்று நாள் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஒண்ணுக்குப் போகிறபோது ஒரு கோடு, இருமியோ தூக்கியோ கசிந்தால் ஒரு புள்ளி, அவசரமாக வந்து அடக்க முடியாமல் போனால் ஒரு வட்டம். அந்த மூன்று நாளும் தண்ணீர் வழக்கம்போலத் தாராளமாகக் குடிக்கட்டும். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், கிருமியும் சேரும், கணக்கும் தப்பாகும். புள்ளிகள் நிறைய, வட்டம் ஒன்றோ இரண்டோ என்றால் டாக்டர் சொன்ன டேப்பைப் பற்றி நம்பிக்கையோடு பேச உட்காரலாம். வட்டங்கள்தான் அதிகம் என்றால், தேதி வாங்குவதற்கு முன் அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, இதற்கு முதலில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.